அமரவிளை செக்போஸ்ட்டும் ஆயிரம் பொய் ஆட்களும்

"மக்களே, நீ அங்க என்ன சோலி பாக்க?" ஊருக்குப் போன் போட்டால் சித்தப்பா கேட்கும் முதல் கேள்வி இதுதான். பொட்டி தட்டுகிற வேலை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "பொட்டியில என்னத்த தட்டுத?" என்று அடுத்த கேள்வி வரும். ஒரு வெப்சைட்டுக்கு ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் வந்தால் அது தாங்குமா, விழுந்துவிடுமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதுதான் என் சோலி. இதை நம்ம ஊர் ஆளுக்குப் புரிய வைக்க எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் நம்ம ஊர் செக்போஸ்ட்தான்.

அமரவிளை தெரியாதவர்களுக்கு ஒரு வரி. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் தேசிய நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரை தாண்டி, பாறசாலைக்கு முன்னால், நெய்யாற்றை ஒட்டி இருக்கிற ஊர். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் களியக்காவிளை. அங்கிருந்து தமிழ்நாடு. எல்லைக்கு இத்தனை பக்கத்தில் இருப்பதால் அமரவிளைக்கு அடையாளமே செக்போஸ்ட்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை தமிழ்நாட்டிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரிகள் வணிகவரி அதிகாரிகளிடம் காகிதங்களைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வரி செக்போஸ்ட் போன பிறகும் எக்சைஸ் செக்போஸ்ட் இருக்கிறது.

சரி, அந்தப் பழைய செக்போஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு, ஒரு நிமிடத்துக்கு இரண்டு லாரிகளை அதிகாரிகள் பார்த்து அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நாற்பது லாரிகள் நிற்கின்றன. கடைசி லாரி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? இருபது நிமிடம். நம்ம ஊர் டீக்கடையில் நிற்கும் கிளீனர் பையன்கூட இந்தக் கணக்கை விரல்விட்டுச் சொல்லிவிடுவான். இதையே 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் முறைப்படி நிரூபித்துக் காட்டினார். வரிசையில் சராசரியாக இருப்போர் எண்ணிக்கை என்பது, வருகிற வேகத்தை, ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. 'லிட்டிலின் விதி' என்று சொல்வார்கள். இன்றைக்கும் என் மாதிரி ஆட்களுக்குச் சோறு போடும் விதி இதுதான்.

அவருக்கும் அரை நூற்றாண்டு முன்னால் போனால் எர்லாங் வருகிறார். டென்மார்க்கில், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணக்கு வாத்தியார் மாதிரியான மனிதர். எத்தனை பேர் ஒரே நேரத்தில் போன் எடுப்பார்கள், அதற்கு எத்தனை லைன் போட்டால் போதும் என்று கணக்குப் போட்டு 1909-ல் ஒரு கட்டுரை எழுதினார். லைன் அதிகம் போட்டால் காசு நஷ்டம். குறைவாகப் போட்டால் ஜனங்கள் திட்டுவார்கள். சர்வர் வாங்கும்போது நம்ம மேனேஜர்கள் படும் அவஸ்தையை அன்றைக்கே அவர் பட்டுவிட்டார்.

எர்லாங்கும் லிட்டிலும் தாளில் கணக்குப் போட்டார்கள். ஆனால் மென்பொருளில் தாளில் போடும் கணக்கு மட்டும் போதாது. உள்ளே டேட்டாபேஸ் பூட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும். நினைவகம் நிறையும். எங்கோ ஒரு மூலையில் பத்து பேருக்கு மட்டும் போதுமான ஒரு குழாய் இருக்கும். இதெல்லாம் ஆட்களை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் தெரியும். பாலம் கட்டியவுடன் பாரம் ஏற்றிய வண்டிகளை அதன்மேல் நிறுத்தி எவ்வளவு வளைகிறது என்று அளப்பார்கள் அல்லவா, அதே சுமைச் சோதனைதான்.

ஆனால் சோதனைக்கு ஆயிரம் பேருக்கு எங்கே போவது? ஆரம்ப காலத்தில் நிஜமாகவே ஆட்களைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். ஒரு ஹாலில் முப்பது நாற்பது கம்ப்யூட்டர், ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள், ஒருவர் "ரெடி, இப்போ அமுக்குங்க" என்று கத்துவார். டெக்னோபார்க்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனியில் இந்த மாதிரி ஒரு சனிக்கிழமை நடந்தது எனக்கே தெரியும். (1990-ல் கழக்கூட்டத்தில் தொடங்கிய டெக்னோபார்க், இந்தியாவின் முதல் டெக்னாலஜி பார்க். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை அங்கேதான்.) பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். சோதனை முடிவு என்னவோ ஒரு தாளில் பேனாவால் எழுதிய நான்கு வரிதான்.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டியது 'பொய் ஆட்கள்' என்ற யோசனை. 1989-ல் தொடங்கிய மெர்குரி இன்டராக்டிவ் என்ற இஸ்ரேல் வேர் கொண்ட கம்பெனி, தொண்ணூறுகளில் லோட்ரன்னர் என்ற மென்பொருளை விற்றது. ஒருவர் வெப்சைட்டில் என்ன செய்கிறார் என்று பதிவு செய்துகொண்டு, அதையே ஆயிரம் பேர் செய்வது போல ஒரே கம்ப்யூட்டர் நடிக்கும். 'வர்ச்சுவல் யூசர்' என்று பெயர். நல்ல மென்பொருள்தான், ஆனால் விலை கேட்டால் மயக்கம் வரும். எத்தனை பொய் ஆள் வேண்டுமோ அத்தனைக்கும் லைசென்ஸ் காசு! மெர்குரியை 2006-ல் ஹெச்பி வாங்கியது. அதன்பின் கை மாறி மாறி இன்று லோட்ரன்னர் ஓபன்டெக்ஸ்ட் வசம் இருக்கிறது.

ஏழைக்கும் ஒரு வழி பிறந்தது. ஸ்டெஃபானோ மாட்சோக்கி என்ற இத்தாலிக்காரர், அப்பாச்சி ஜேசர்வ் என்ற சர்வரின் வேகத்தைப் பார்க்க ஒரு சின்ன ஜாவா நிரல் எழுதினார். 1998 டிசம்பரில் அது ஜேமீட்டர் என்ற பெயரில் இலவசமாக வெளிவந்தது. பின்னால் வந்தவர்கள் அதை முழுதாக மாற்றி எழுதினார்கள். இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. லைசென்ஸ் இல்லை, கணக்கு இல்லை, கம்ப்யூட்டர் தாங்கும்வரை எத்தனை பொய் ஆட்களை வேண்டுமானாலும் கிளப்பலாம்.

நம்ம சென்னைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. இன்று ஸோஹோ என்று எல்லோருக்கும் தெரிந்த கம்பெனி, 2009 வரை அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்தது. அவர்கள் கியூஎன்ஜின் என்று வெப்சைட் சோதனைக்கான ஒரு மென்பொருளை விற்றார்கள். ஒழுங்காக வேலை செய்கிறதா என்றும் பார்க்கும், சுமை தாங்குகிறதா என்றும் பார்க்கும். அது இப்போது இல்லை. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிகள் மட்டுமே செய்த ஒன்றைச் சென்னையில் உட்கார்ந்து செய்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இப்படிப் பொய் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் சோதனையைத் தொடங்க ஒரு நிஜ ஆள் வேண்டியிருந்தது. ரிலீஸுக்கு ஒரு வாரம் முன்னால் ஒருவர் ஜேமீட்டரைத் திறந்து, பட்டனை அமுக்கி, விடிய விடிய உட்கார்ந்து, எண்களை எக்செலில் ஒட்டி, கலர் கலராக கிராஃப் போட்டு, மேனேஜருக்கு மெயில் அனுப்புவார். பிரச்சினை இருந்தாலும் அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? ஆறு மாதமாக எழுதிய நிரலில் எந்த வரி மெதுவாக்கியது என்று ஒரு வாரத்தில் தேடுவது, நெய்யாற்றில் போட்ட மோதிரத்தைப் பூவாற்றுக் கடலில் தேடுவது மாதிரி.

இந்த இடத்தில்தான் இன்னொரு கிளைக் கதை வந்து சேர்கிறது. பத்து பேர் எழுதும் நிரலை மாதத்துக்கு ஒருமுறை ஒட்டுவதற்குப் பதில் தினமும் பலமுறை ஒட்டிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் சோதனையைத் தானாக ஓட விடுங்கள் என்று கென்ட் பெக் போன்றவர்கள் தொண்ணூறுகளின் கடைசியில் சொல்ல ஆரம்பித்தார்கள். 'தொடர் ஒருங்கிணைப்பு' என்று தமிழில் சொல்லலாம். 2000-ல் மார்ட்டின் ஃபவுலர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படிக்காத மென்பொருள்காரர் அந்தக் காலத்தில் குறைவு. அவர் வேலை பார்த்த தாட்வொர்க்ஸ் கம்பெனியிலிருந்து 2001-ல் குரூஸ்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் வந்தது. ஒரு மூலையில் ஒரு சர்வர், யார் நிரலைச் சேர்த்தாலும் அது எழுந்து, கட்டிப் பார்த்து, உடைந்தால் மெயில் அனுப்பும்.

பிறகு கோசுகே கவாகுச்சி வந்தார். ஜப்பான்காரர், அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை. தான் சேர்க்கும் நிரல் அடிக்கடி உடைந்து, கூட வேலை செய்பவர்கள் வந்து சொல்வது அவருக்குச் சங்கடமாக இருந்ததாம். அவர்களுக்கு முன்னால் தனக்குத் தெரிந்துவிட வேண்டும் என்று 2004-ல் பொழுதுபோக்காக ஒன்றை எழுத ஆரம்பித்தார். 2005-ல் வெளிவந்த அதன் பெயர் ஹட்சன். நிறுவுவது சுலபம். யார் வேண்டுமானாலும் அதில் செருகுநிரல் எழுதிச் சேர்க்கலாம். சில வருடங்களில் குரூஸ்கன்ட்ரோலை ஓரம் கட்டிவிட்டது.

2010-ல் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது. பெயர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்தது. 2011 ஜனவரியில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 214 பேர் பெயரை மாற்றலாம் என்றார்கள், 14 பேர் வேண்டாம் என்றார்கள். ஹட்சன், ஜென்கின்ஸ் ஆனது. பெயரை ஆரக்கிள் வைத்துக்கொண்டது, ஆட்கள் ஜென்கின்ஸ் பக்கம் போனார்கள். வீட்டுப் பெயர்ப்பலகை ஒருவரிடம், வீட்டு ஆட்கள் இன்னொருவரிடம்!

ஒரு சுவையான தகவல். பல ஆண்டுகள் ஜென்கின்ஸில் எல்லாம் சரி என்றால் நீல உருண்டைதான் வரும், பச்சை வராது. ஏன் என்று கேட்காதவர் இல்லை. ஜப்பானில் போக்குவரத்து விளக்கின் பச்சையையும் 'நீலம்' என்றே சொல்வது வழக்கம். எழுதியவர் ஜப்பான்காரர், அவருக்குப் போகலாம் என்றால் நீலம். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் காலையில் எழுந்து ஒரு ஜப்பான் வழக்கத்தைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். புலம்பெயர்ந்தவர்கள் நமக்கு இது புரியும். ஊரை விட்டு வந்தாலும் எங்கோ ஒரு மூலையில் ஊர் ஒட்டிக்கொண்டே வரும்.

இந்த ஹட்சன், ஜென்கின்ஸோடு ஜேமீட்டரைக் கட்டி வைத்த கல்யாணம்தான் நம்ம விஷயம். ஜேமீட்டருக்குத் திரையே வேண்டாம். பின்னணியில் ஓடி, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் எத்தனை மில்லிசெகண்ட் ஆனது, பதில் வந்ததா, பிழை வந்ததா என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடும். ஹட்சனுக்கென்று வந்த 'பெர்ஃபார்மன்ஸ்' செருகுநிரல் அந்தக் கோப்பைப் படித்து, நேற்று, முந்தாநாள், போன வாரம் என்று வரிசையாக கிராஃப் போடும். இத்தனை சதவீதத்துக்கு மேல் பிழை வந்தால் மஞ்சள், அதற்கும் மேல் போனால் சிவப்பு என்று நாமே கோடு போட்டுவிடலாம். இரவு ஒரு மணிக்கு சர்வர் தானே எழுந்து, பொய் ஆட்களைக் கிளப்பி, சோதித்து, காலையில் ரிப்போர்ட்டை மெயிலில் போட்டுவிடும். எக்செல் ஒட்டும் வேலை ஒழிந்தது. 2016-ல் வந்த ஜேமீட்டர் 3.0 தானே ஒரு முழு ரிப்போர்ட் பக்கத்தைத் தயார் செய்ய ஆரம்பித்தது. லோகஸ்ட், கேட்லிங், கே6 என்று புதிய கருவிகள் வந்தன. இவற்றில் சோதனையையே நிரலாக எழுதி, மற்ற நிரலோடு சேர்த்து வைக்கலாம்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டால், நம்ம ஊர்க் கதைகளே பதில் சொல்லும்.

ஐஆர்சிடிசி 2002-ல் இணையத்தில் ரயில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. நம்ம பாறசாலை வழியாக ஓடும் அனந்தபுரியில் ஒரு படுக்கை கிடைக்க தட்கல் நேரத்தில் நாடே காத்துக்கிடக்கும். இங்கே நியூஜெர்சியில் கோடைக்காலம் என்றால் நள்ளிரவு 12:30. அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுக்க விழித்திருக்கும் தமிழ் வீடுகள் எத்தனையோ. ஒரு சர்வருக்கு இதைவிடக் கொடுமையான சுமையை யாராலும் வடிவமைக்க முடியாது. நாள் முழுக்கப் பரவ வேண்டிய கூட்டம் ஒரே நிமிடத்தில் கதவைத் தள்ளுகிறது. ரயில்வே செய்ததைப் பாருங்கள். முன்பதிவும் தட்கலும் ஒரே 8 மணிக்குத் திறந்துகொண்டிருந்தன. 2012 ஜூலையில் தட்கலை 10 மணிக்கு மாற்றினார்கள். 2015 ஜூனில் ஏசிக்கு 10 மணி, மற்றதுக்கு 11 மணி என்று மறுபடி பிரித்தார்கள். இதற்கு நடுவில் 2014-ல் புது மென்பொருள் வந்தது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்தது 7,200 ஆகும், ஒரே நேரத்தில் 1.2 லட்சம் பேர் வரலாம் என்று அந்த வருட ரயில்வே பட்ஜெட்டில் சொன்னார்கள். கவனியுங்கள்: சர்வரைப் பெரிதாக்கியது ஒரு வழி. கூட்டத்தைப் பிரித்து விட்டது இன்னொரு வழி. அதற்குக் கடிகாரமே போதும்.

அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1-ம் தேதி ஹெல்த்கேர்.கவ் திறந்தபோது நடந்தது இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். லட்சக்கணக்கானோர் வந்தார்கள். முதல் நாள் முழுக்க விண்ணப்பத்தை முடித்துக் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் ஆறே ஆறு பேர் என்று பின்னால் வெளிவந்த அரசு ஆவணங்கள் சொல்லின. திறப்பதற்குச் சில நாள் முன்னால் நடந்த சோதனையில் சில நூறு பேர் வந்ததற்கே அது மூச்சுத் திணறியது என்ற செய்தியும் வந்தது. சோதனை நடந்தது, முடிவும் தெரிந்தது. ஆனால் நிறுத்தி வைக்க நேரம் இல்லை. கடைசி வாரத்தில் செய்யும் சுமைச் சோதனை ஜாதகம் பார்க்காமல் கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டு பொருத்தம் பார்ப்பது மாதிரி. பார்த்து என்ன பயன்?

கேரளத்தில் 2020 மே மாதம் பெவ்கியூ என்று ஓர் ஆப் வந்தது. ஊரடங்குக்குப் பின் மதுக்கடைகளில் கூட்டம் சேராமல் இருக்க, டோக்கன் கொடுக்கும் ஆப். கொச்சியில் இருந்த ஒரு சின்ன ஸ்டார்ட்அப் செய்தது. முதல் நாளே பலருக்கு ஓடிபி வரவில்லை. குறுஞ்செய்தி அனுப்பும் சேவை தாங்காமல், இன்னும் சில சேவைகளைச் சேர்க்க வேண்டி வந்தது. 'குடி'மக்கள் பட்ட பாட்டை விடுங்கள், இதில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. நம் சர்வரை எத்தனை சோதித்தாலும், ஓடிபி, பணம் செலுத்தும் வழி என்று அடுத்தவர் கையில் இருக்கும் கண்ணியும் அதே சங்கிலியில்தான் தொங்குகிறது. அமரவிளையில் செக்போஸ்ட்டை வேகப்படுத்தினாலும் களியக்காவிளையில் சாலை அடைத்துக் கிடந்தால் லாரி நகராது. மறு வருடம் 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குக் கோவின் தளத்தில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசிப் பதிவு திறந்தபோது, முதலில் கொஞ்ச நேரம் தடுமாறியது. அன்று ஒரே நாளில் 1.3 கோடிப் பேர் பதிவு செய்தார்கள். அது டிக்கெட் வரிசை இல்லை, உயிர் வரிசை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தானாக வரும் ரிப்போர்ட்டில் முதலில் கண்ணில் படுவது சராசரி. நூறு பேர் வருகிறார்கள். 95 பேருக்கு ஒரு நொடியில் பதில் கிடைக்கிறது. ஐந்து பேருக்கு 21 நொடி. சராசரி என்ன? சரியாக 2 நொடி. "பரவாயில்லையே, 2 நொடிதானே" என்று மேனேஜர் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். உண்மையில் 2 நொடியில் பதில் கிடைத்தவர் ஒருவர்கூட இல்லை! அந்த ஐந்து பேர் கிராஃபில் காணாமல் போய்விட்டார்கள்.

ஐந்து பேர்தானே என்றும் விட முடியாது. இன்றைய வெப்சைட்டில் ஒரு பக்கம் திறக்கப் பின்னால் இருபது அழைப்புகள் போகலாம். ஒவ்வொன்றிலும் மெதுவாக மாட்டிக்கொள்ள 5 சதவீத வாய்ப்பு என்றால், இருபதில் ஒன்றாவது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம். நூற்றில் ஐந்து என்று நினைத்தது நூற்றில் அறுபத்து நாலு ஆகிவிட்டது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சராசரியை விட்டுவிட்டு, 95-வது சதமானம், 99-வது சதமானம் என்று வரிசையின் வாலைப் பார்க்கிறார்கள்.

வாலை அளப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பொய் ஆள் ஒரு பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பான். சர்வர் ஒரு நிமிடம் நின்றுபோனால் அவனும் சும்மா நிற்பான். நிஜ உலகில் ஜனங்கள் அப்படி நிற்பார்களா? வந்துகொண்டே இருப்பார்கள். செக்போஸ்ட் கவுண்டரில் நிற்கும் ஒரு லாரியை மட்டும் அளந்துவிட்டு, பாலம் வரை நீண்டுகிடக்கும் மற்ற லாரிகளை எண்ணாமல் விடுவது போன்றது இது. கில் டெனே என்பவர் 2010-களில் இதைப் பல மேடைகளில் விளக்கிச் சொன்னபோது, பல கம்பெனிகளின் அழகான ரிப்போர்ட்டுகள் ஒரே நாளில் சந்தேகத்துக்கு உரியவை ஆயின.

சராசரியில் காணாமல் போவது பற்றி எங்க ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1955-ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போய்க் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் ஒரு பகுதியும் போனது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தில் நின்றது. தாலுகாவை முழுதாக எண்ணினால் மலையாளம் பேசுபவர்களே அதிகம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதே தாலுகாவின் தெற்கு ஓரத்தில், பாறசாலைப் பக்கத்து ஊர்களில், தமிழ் பேசும் வீடுகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. கணக்கின் அலகு தாலுகா. வீடு அந்தக் கணக்கில் தெரியாது. எல்லை எங்கே இருந்திருக்க வேண்டும் என்று நான் இங்கே வழக்குப் பேச வரவில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் படித்து வளர்ந்ததில் எங்களுக்கு லாபமும் உண்டு. ஒரு பெரிய எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதன் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று தேடும் புத்தி எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

கடைசியாக, என் ஆபீஸில் நடந்தது. பெயர் வேண்டாம். ரிப்போர்ட் தானாக வருவதற்கு முன்னால் திருவனந்தபுரம் கிளையில் ஒரு சேச்சி வாரம் ஒருமுறை கையால் ரிப்போர்ட் தயாரிப்பார். எக்செல் அழகாக இருக்காது. ஆனால் மேலே ஒரு வரி எழுதுவார்: "தேடல் பக்கம் போன வாரத்தைவிட மெதுவாக இருக்கிறது, புதிதாகச் சேர்த்த வடிகட்டியைப் பாருங்கள்." அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் படிப்பார்கள். பிறகு எல்லாம் தானாக ஆனது. சேச்சியை வேறு புராஜெக்டுக்கு மாற்றினார்கள். தினமும் காலையில் நாற்பது பேருக்கு, பத்து கிராஃபோடு, மெயில் வந்தது. ஒரு மாதத்தில் நாற்பது பேரும் அதற்கென்று ஒரு ஃபோல்டர் செய்து, படிக்காமலே அதில் விழும்படி வைத்துவிட்டார்கள்.

அங்கே போட்டிருந்த விதி இது: நேற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் மெதுவானால் சிவப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் தினமும் 1 சதவீதம் மட்டும் மெதுவாகிக்கொண்டே போனால்? எந்த இரவும் சிவப்பு வராது. வட்டிக்கு வட்டி போடுகிற கணக்குத்தான், எழுபது இரவில் இரண்டு மடங்கு ஆகிவிடும். அப்படியேதான் ஆனது. எழுபது நாளும் எல்லாம் சரி என்று காட்டிய சோதனை, ஒரு பண்டிகைக்கால விற்பனை நாளில் தளம் படுத்தபோதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர் சேவையில் போன் எடுக்கும் பெண்கள்தான் அன்று முழுக்கத் திட்டு வாங்கினார்கள். விதி எழுதியவர்களை யாரும் திட்டவில்லை, அவர்கள் யார் என்றே வெளியே தெரியாது.

பிறகு மூன்று மாற்றம் செய்தோம். நேற்றோடு ஒப்பிடுவதை விட்டு, ரிலீஸ் அன்று குறித்து வைத்த ஒரு நிலையான அளவோடு ஒப்பிட்டோம். சராசரியை எடுத்துவிட்டு 95, 99-வது சதமானத்தைப் போட்டோம். மூன்றாவதுதான் பெரிய சண்டை: வாரம் ஒருவர் முறை வைத்து, ரிப்போர்ட்டைப் படித்து, மேலே தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும். "தானாக வருவதில் கையால் எழுதுவதா? பின்னோக்கிப் போகிறீர்கள்" என்றார் ஒரு பெரியவர். சேச்சியைப் போனில் பிடித்து, இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கச் சொன்னோம். எந்த கிராஃபை எப்படிப் பார்ப்பது, எதைச் சந்தேகப்படுவது, யாரிடம் கேட்பது என்று அவர் சொன்னது எந்தச் செருகுநிரலிலும் இல்லை. அவர் அப்போது வேறு கம்பெனிக்குப் போகும் முடிவில் இருந்தார். போய்விட்டார். அந்த இரண்டு மணி நேரப் பதிவைப் புதிதாகச் சேருபவர்களுக்கு இன்றும் போட்டுக் காட்டுகிறோம்.

எர்லாங் காலத்திலிருந்து பார்த்தால் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கணக்குப் போடுவது, ஆட்களாக நடிப்பது, இரவில் எழுந்து ஓட்டுவது, படம் வரைவது, மெயில் அனுப்புவது என்று ஒவ்வொன்றாக இயந்திரத்திடம் கொடுத்துவிட்டோம். இப்போது அந்த ஒரு வரியை எழுதுவதையும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கலாம் என்கிறார்கள். எழுதும், நன்றாகவே எழுதும். ஆனால் அதைப் படித்துவிட்டு "இந்த வாரம் ரிலீஸ் வேண்டாம்" என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஹெல்த்கேர்.கவ் விஷயத்தில் குறைந்தது அதுதான்.

உங்கள் வீட்டில் யாராவது இந்தத் துறையில் இருந்தால், அவர்கள் அலுவலகத்தில் இரவில் தானாக வரும் ரிப்போர்ட்டைக் காலையில் யார் படிக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தால், அந்த ஃபோல்டர் அங்கேயும் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு நாளைக் காலை முறை. ஆணி நிறைய இருக்கிறது, வரட்டுமா?